காடா, கடையா?

புரியாத விஷயத்துக்குத் தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. டாக்டர் பேசினாலும் ஆட்டுவேன், பேங்க்காரர் பேசினாலும் ஆட்டுவேன், ரயிலில் யாராவது ஹிந்தியில் வழி கேட்டாலும் ஆட்டுவேன். (அந்த ஆள் எங்கே போய்ச் சேர்ந்தாரோ.) ‘புரியலையே, என்ன சொன்னீங்க?’ என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதைக் கேட்காமல் விட்டதால்தான் என் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் கையை உடைத்துக்கொண்டேன்.

அப்போது கும்மிடிப்பூண்டியில், பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். புது அச்சு வந்தால் அதை மெஷினில் மாட்டி, கொஞ்சம் மூடி ஓட்டிப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். இதற்கு டிரையல் என்று பெயர். மீஞ்சூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

எனக்கு நிச்சயமான எஸ்தரின் வீடும் கும்மிடிப்பூண்டியில்தான். மாப்பிள்ளைக்குக் கல்யாணக் கோட்டும் பேண்டும் எடுத்துக் கொடுப்பது பெண் வீட்டார் பொறுப்பு என்பது எங்கள் வழக்கம். பஜாரில் ஒரு டெய்லரிடம் அளவு கொடுத்தாயிற்று. அரைகுறையாகத் தைத்ததை ஒருநாள் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கும் டிரையல் என்றுதான் பெயர். ஆக, என் வாழ்க்கையில் அந்தச் சமயம் இரண்டு டிரையல்கள் இருந்தன. மூன்றாவதாக ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது.

எஸ்தரின் அண்ணன் சாமுவேல் போன் செய்தார். இரும்பு ஆலையில் ஃபிட்டர், கதவு நிலையில் குனிந்துதான் நுழைவார். அவரிடம் பேசும்போது என் தலை வழக்கத்தைவிட வேகமாக ஆடும்.

“மாப்ள, ஞாயித்துக்கெழம காலீல டிரைல் போலாமா? ஆறு மணிக்கு ஸ்டேஷனாண்ட வந்துடுங்க.”

ஆறு மணிக்கு எந்த டெய்லர் கடை திறப்பான் என்று ஒரு கணம் தோன்றியது. கல்யாண சீசன், பாவம், ராப்பகலாகத் தைக்கிறார் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“ஷூ நல்லதா போட்டுக்கினு வாங்க. அதான் முக்கியம்.”

ஷூ போட்டால்தானே பேண்டின் உயரம் சரியாகத் தெரியும். என்ன விவரமான மனிதர் என்று வியந்தேன்.

“ஒங்க ஒசரத்துக்கு நானே ஏத்தி எறக்கி வெச்சிர்றேன். மொத தபா குந்தற எடம் கொஞ்சம் வலிக்கும். அப்பால பழகிடும்.”

பேண்டைப் பின்பக்கம் இறுக்கமாகத் தைத்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். கல்யாண நேரத்தில் இதைப் போய்ப் பெரிதுபடுத்துவானேன் என்று “சரி மச்சான்” என்றேன்.

அன்று மாலை எஸ்தர் பேசினாள்.

“எங்க அண்ணங்கூட டிரைல் போறீங்களாமே? பயமா இல்லியா?”

“தெனம் ரெண்டு டிரைல் பண்றவன் நானு. இதுல இன்னா பயம்?”

“நெஜமாவா? சொல்லவே இல்லியே நீங்க” என்றாள். குரலில் அப்படியொரு பெருமை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூடி ஓட்டிப் பார்ப்பதை இவ்வளவு மதிக்கிற பெண் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட கறுப்பு பேண்ட், கல்யாணத்துக்கென்று வாங்கிய தோல் ஷூ சகிதம் ரயிலை விட்டு இறங்கினேன். வெளியே ஒரு குட்டியானை லோடு வண்டி. பின்னால், கட்டை கட்டையாக டயர் வைத்த இரண்டு சைக்கிள்களைக் கட்டி வைத்திருந்தார்கள். மச்சான் என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

“இன்னா மாப்ள, சர்ச்சுக்குப் போற மாரி வந்துகிறீங்க?”

“முடிஞ்சதும் அப்டியே சர்ச்சுக்குப் போயிடலாம்னு” என்றேன். (பொய் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.)

வண்டி பஜார் பக்கம் திரும்பவில்லை. டெய்லர் வீட்டில் வைத்துத் தைக்கிறார் போல. கம்பெனிகளின் மதில்கள் முடிந்தன, செங்கல் சூளை போனது, ஏரிக்கரை போனது. டெய்லர் ரொம்ப தூரத்திலிருந்து வருகிறார் போல. கடைசியில் வண்டி தைல மரங்களுக்கு நடுவே வனத்துறைப் பலகை ஒன்றின் அருகில் நின்றபோது, எனக்குச் சமாதானங்கள் தீர்ந்துபோயிருந்தன. எவ்வளவு ஏழை டெய்லராக இருந்தாலும் காப்புக்காட்டுக்குள் தையல் மெஷின் போட மாட்டார்.

மச்சான் சைக்கிளை இறக்கி, சீட்டை என் உயரத்துக்கு ஏற்றி இறக்கினார். ‘ஏத்தி எறக்கி வெச்சிர்றேன்’ எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“ஃபாரஸ்ட்ல பெர்மிஷன் வாங்கிட்டேன். இந்தக் காட்ல ரெண்டு டிரைல் கீது மாப்ள. ஒண்ணு ஈசி. இன்னொண்ணு மேட்லேந்து ஓடைக்கு எறங்கும், பேஜாரானது. புதுசா வரவங்கள ஈசிக்குத்தான் இட்டுக்கினு போவேன். நீங்கதான் தெனம் ரெண்டு டிரைல் போறவராச்சே. எஸ்தர் சொல்லிச்சு. ஊடு பூரா சொல்லிச்சு.”

காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டுவதற்கு டிரெயில் என்று பெயராம். எங்கள் பக்கத்து நாக்கில் டிரையலும் டிரெயிலும் ஒரே டிரைல்தான். இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ‘ஊடு பூரா சொல்லிச்சு’ என்ற வார்த்தை என் வாயை அடைத்துவிட்டது. அந்த வீட்டில் முதன்முதலாக எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. எஸ்தர் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். அதை நானே எப்படிக் கெடுப்பேன்? தலையை ஆட்டினேன். ஹெல்மெட்டும் கூடவே ஆடியது.

முதல் கொஞ்ச தூரம் நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். செம்மண்ணில் ஒற்றையடிப் பாதை. மேலே தைல இலை வாசம், கீழே சருகு நொறுங்கும் சத்தம். எங்கேயோ மயில் அகவியது. நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் கிடந்த காதுக்கு அது புதிதாக இருந்தது. முன்னால் போன மச்சான்கூட அந்த மரங்களுக்கு நடுவே சாதாரண உயரமாகத் தெரிந்தார். இவ்வளவுதானா, சமாளித்துவிடலாம் என்று எனக்கே ஒரு தெம்பு வந்தது.

அப்புறம் மேடு முடிந்தது.

“பின்னால சாஞ்சிக்குங்க மாப்ள. முன் பிரேக்க மட்டும் தொடாதீங்க” என்று மச்சான் சொல்லிக்கொண்டே சர்ரென்று இறங்கிப்போனார். எது முன் பிரேக் என்று கேட்டிருக்க வேண்டும். பழக்கதோஷம், தலையாட்டினேன். ஷூவோ வழவழப்பான புது ஷூ. கால் மிதியில் நிற்கவில்லை, வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. எந்தக் கை எந்த பிரேக் என்று தெரியாததால் பாரபட்சம் பார்க்காமல் இரண்டையும் இறுக்கிப் பிடித்தேன். சைக்கிள் அங்கேயே நின்றது. நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது ஓடைச் சேற்றில் கிடந்தேன். பக்கத்தில் நாலைந்து ஆடுகளும், அவற்றை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா நைனா, கல்யாணத்துக்குப் போற மாரி உட்த்திக்கினு காட்ல வந்து உயுந்துகிற? அந்தாண்ட நல்ல ரோடு போட்டுகிறாங்களே” என்றது அந்த அம்மா, நிஜமான அக்கறையோடு.

இடது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. மச்சான் ஓடி வந்தார். “அய்யோ, வர்ற பொதங்கெழம கல்யாணம். எஸ்தர் மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?” என்று என் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

“மச்சான், தப்பு ஒங்க பேர்ல இல்ல. நான் கோட்டு டிரையல்னு நெனச்சிக்கினு வந்துட்டேன்.”

“இன்னா டிரைலு?”

“கோட்டு. டெய்லர் கடைல.”

அவர் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். “அப்ப தெனம் ரெண்டு டிரைல்?” என்றார்.

“அது மூடி மச்சான்.”

ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் ஆடுகள் கலைந்து ஓடின.

மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது எஸ்தர் வந்தாள். மரியாதை போனது போகட்டும், ‘இப்படிப்பட்ட ஆளா’ என்று நினைத்துவிடுவாளோ என்றுதான் பயந்தேன். அழுதாள், கட்டைத் தொட்டுப் பார்த்தாள், நடந்ததைக் கேட்டாள். கேட்டு முடித்து, “ஒரு வார்த்த, காடா கடையான்னு கேக்கறதுக்கு இன்னா?” என்றாள். அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள். அன்று மாலை நிஜமான டிரையலும் நடந்தது. கட்டுப் போட்ட கை நுழையாததால், டெய்லர் இடது கைத் தையலைப் பிரித்து வரிசையாக டிச் பட்டன் வைத்துக் கொடுத்தார்.

புதன்கிழமை தேவாலயத்தில் போதகர் என்னைப் பார்த்து, இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார். என் தலை தன் பாட்டுக்கு ஆட ஆரம்பித்தது. பக்கத்தில் முக்காட்டுக்குள்ளிருந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு குரல்: “புரிஞ்சிதா? காடா, கடையா?” நான் சிரித்த சிரிப்பில் போதகர் அதே கேள்வியை இன்னொரு முறை கேட்க வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாண போட்டோவில், டிச் பட்டன் கையோடு மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லாக நிற்பது அந்த நிமிடத்தில்தான்.

கை எலும்பு சேர்ந்து நான்கைந்து மாதம் இருக்கும். அந்தச் சருகுச் சத்தம் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. ஒரு சனிக்கிழமை நானே மச்சானுக்கு போன் போட்டு, நாளைக்கு டிரைல் போகலாமா என்று கேட்டேன். அவர் ரொம்ப நிதானமாக, “காடா, கடையா மாப்ள?” என்றார்.

“காடுதான் மச்சான். ஈசியானது.”

இப்போதும் மாதம் ஒரு ஞாயிறு போய்க்கொண்டிருக்கிறோம். நான் சைக்கிளை வாசலுக்குத் தள்ளும்போதெல்லாம் சமையலறையிலிருந்து எஸ்தர் குரல் வந்துவிடும்.

“கோட்ட எடுத்துக்கினீங்களா?”