புரிஞ்சுதாம்மாவும் ஆமாஞ்சாமியும்

மனிதர்களில் ‘புரிஞ்சுதா’ ரகம் என்று ஒன்று உண்டு. மூச்சு விடாமல் எதையாவது விளக்கிவிட்டு, ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டு, எதிரே இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் ‘குட்!’ என்று தாமே பதிலும் சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். வகுப்பறையில், வங்கியில், சமையலறையில் என்று எங்கும் விளைவார்கள். ஆனால் முதல் தரமான சரக்கு வேண்டுமென்றால் சிறைச்சாலைக்குத்தான் போக வேண்டும். பயப்படாதீர்கள், உள்ளே இருக்கும் ஆஸ்பத்திரி வரைக்கும் போனால் போதும்.

அங்கே ஒரு தலைமை டாக்டரம்மா இருந்தார். அறிவுத்திறன் குறைந்த கைதிகளுக்கு ஆதரவு தரும் திட்டம் முழுக்க அவர் தலையில். கெட்டவர் இல்லை. கைதிகளுக்காக மேலதிகாரியோடு மல்லுக்கு நின்று மின்விசிறி வாங்கித் தந்தவர். வாயைத் திறந்தால்தான் வம்பு. திரையில் அம்புக்குறிகள் பறக்கும், வட்டங்கள் சுழலும், கடைசியில் ‘புரிஞ்சுதா?’ வந்து விழும். வார்டர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பெயர் புரிஞ்சுதாம்மா.

அவருக்கு மிகவும் பிடித்த கைதி ஒருவன் இருந்தான். நாற்பதைத் தொட்ட ஆள். எதைக் கேட்டாலும் ‘ஆமா’ என்பான், கூடவே வாய் கொள்ளாத சிரிப்பு. அதனால் அவன் ஆமாஞ்சாமி. ஒரு கிடங்கில் கொள்ளையடிக்கப் போன சிலர், ‘வாசல்லயே நில்லு’ என்று அவனை நிறுத்தி வைத்தார்கள். போலீஸ் வந்ததும் அவர்கள் சுவரேறிக் குதித்தார்கள். இவன் சொன்ன இடத்திலேயே நின்றான். ‘நீதானே கூட்டத்துக்குத் தலைவன்?’ என்று கேட்டார்கள். ‘ஆமா சார்.’ வேலை முடிந்தது.

அப்படிப்பட்டவன் ஒருநாள் முற்றத்தில் மஞ்சள் கோட்டைத் தாண்டி, மதில் ஓரம் வரைக்கும் போய்விட்டான். தப்பிக்கப் பார்த்தான் என்று தனியறையில் போட்டார்கள். அந்த வாரம் அவனைப் பார்க்க வரவிருந்த அக்காவின் சந்திப்பும் ரத்து.

“இவனுக்கு விதி புரியுமா, புரியாதா டாக்டர்? நீங்க சொன்னா சரி” என்றார் ஜெயிலர்.

“நானே விளக்கியிருக்கேன். புரிஞ்சுதான்னு கேட்டேன், ஆமான்னான். அப்புறம் என்ன?”

அக்கா வாசலில் நின்று கெஞ்சினாள். “அவன் எதுக்கும் ஆமான்னுதாம்மா சொல்லுவான். மெதுவாக் கேளுங்கம்மா.” டாக்டரம்மா அவளுக்கும் ஓர் அம்புக்குறி வரைந்து காட்டிவிட்டு மேலதிகாரியின் கூட்டத்துக்கு ஓடினார்.

அந்தக் கூட்டத்தில்தான் வந்தது வினை. வெளியூர் நிபுணர் ஒருவர் புதிய திட்டத்தை விளக்கினார். அம்புக்குறி என்றால் இதுதான் அம்புக்குறி! டாக்டரம்மாவின் அம்புகள் எல்லாம் குழந்தை விளையாட்டு. முதல் வட்டத்திலேயே டாக்டரம்மா வழி தவறிவிட்டார். மேலதிகாரி திரும்பினார்.

“டாக்டர், புரிஞ்சுதா?”

“ரொம்பத் தெளிவா இருந்துச்சு சார்.” கூடவே வாய் கொள்ளாத சிரிப்பு.

“அப்ப ரெண்டே வார்த்தையில எல்லாருக்கும் சொல்லிடுங்க.”

டாக்டரம்மா திரையை ஒரு முறை பார்த்தார். “அது வந்து... ஒருங்கிணைப்பு சார்.”

“கரெக்ட்!” என்று மேசையைத் தட்டினார் மேலதிகாரி. அவருக்கும் ஒரு மண்ணும் புரிந்திருக்கவில்லை. சுற்றியிருந்த தலைகள் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடின.

தன் முகத்தில் இன்னும் இளித்துக்கொண்டிருந்த சிரிப்பை அப்போதுதான் டாக்டரம்மா உணர்ந்தார். அது யாருடைய சிரிப்பு என்றும் தெரிந்துவிட்டது. டீயைக்கூடத் தொடாமல் நேரே தனியறைக்கு நடந்தார்.

ஆமாஞ்சாமி எழுந்து நின்று சிரித்தான். அவர் தரையிலேயே உட்கார்ந்தார்.

“அன்னிக்கு முற்றத்தைப் பத்தி நான் என்ன சொன்னேன்? நீ சொல்லு பாப்போம்.”

“ஆமா டாக்டர்.”

“நான் ஒண்ணும் கேக்கலப்பா. நீ சொல்லு. நான் எங்கேயும் போகல.”

அவன் கதவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். இவ்வளவு நேரம் யாரும் அவன் முன்னால் சும்மா இருந்ததில்லை. கடைசியில், “மஞ்சக் கோட்டையத் தாண்டக் கூடாதுன்னீங்க” என்றான்.

“அப்புறம் ஏன் தாண்டின?”

“தாண்டல டாக்டர்! தேடித்தான் போனேன். மதில் வரைக்கும் பாத்துட்டேன். கோட்டையே இல்ல. ராஜா, கொடி, ஒண்ணுமே இல்ல.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. பாதியிலேயே அதை அடக்கிக்கொண்டார்.

“புரியலன்னு அப்பவே கேட்டிருக்கலாமே?”

“கேட்டா திட்டுவாங்க. ஆமான்னா விட்டுடுவாங்க.”

தண்டனை அன்றைக்கே ரத்தானது. தவறு தன்னுடையது என்று டாக்டரம்மா ஜெயிலரிடம் சொன்னார். ஜெயிலர் தமக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். டாக்டரம்மாவே அவனை முற்றத்துக்குக் கூட்டிப் போய், மஞ்சள் பூசிய இடத்தில் அவன் செருப்பை வைக்கச் சொல்லி, “இதுதான் கோடு” என்றார். அவன் குனிந்து தடவிப் பார்த்தான். “இவ்ளோ சின்னதா?” என்று ஏமாந்து போனான். அக்கா வந்தபோது அதைத்தான் முதலில் அவளிடம் புகார் சொன்னான்.

டாக்டரம்மா திருந்திவிட்டாரா என்றால், ஓரளவுக்கு. அம்புக்குறிகள் பாதியாகக் குறைந்தன. விளக்கிவிட்டு இப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது அவருக்குப் பெரிய அவஸ்தை. விரல்கள் மேசையில் தாளம் போடுவதை நீங்களே போய்ப் பார்க்கலாம்.

அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் ஒன்று. வீட்டில் அம்மாவுக்கு மாத்திரையையோ, பிள்ளைக்குக் கணக்கையோ கடைசியாக விளக்கிய அன்று, அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை நீங்கள் இருந்தீர்களா, அல்லது தலையாட்டியதுமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்களா?