அமுங்காத பட்டன்

கம்ப்யூட்டரை வைத்து லட்சம் பேர் பிழைத்திருப்பார்கள். அதற்குப் பூ வைத்துப் பொட்டு வைத்துக் கெட்டுப்போனவர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர்தான் எங்கள் பட்டன் தொரை.

லாரிக்காரர்கள் வைத்த பெயர் அது. கேட்டுக்குள் வண்டியைத் திருப்பும்போதே, "தொரை வந்துகீறாரா, இன்னிக்கு இன்னா கலரு?" என்று விசாரித்துக்கொண்டுதான் வருவார்கள். மனுஷன் வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். அதில் மேலே ஒரு பட்டன் இருக்காது, கீழே இரண்டு இருக்காது, நடுவில் ஒரு ஊக்கு குத்தியிருக்கும்.

நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எடை மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரக்கோடு லாரி மேடைமேல் ஏறி நிற்கும், அப்போது ஒரு எடை. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வந்து நிற்கும், அப்போது ஒரு எடை. இரண்டையும் கழித்து, இறக்கிய சரக்கு இவ்வளவு என்று சீட்டு வரும். அந்தச் சீட்டு என் அறையில் வராது. நாற்பது அடி தள்ளி, கேட் ஆபீஸில் இருக்கும் பிரின்டரில் வந்து விழும். லாரிக்காரர் வெளியே போகும்போது அங்கே வாங்கிக்கொள்வார்.

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. தமிழே எழுத்துக் கூட்டித்தான். ஆனால் எண் தெரியும். நம்பர் பிளேட்டில் என்ன உருவம் இருக்கிறதோ அதே உருவத்தைக் கீபோர்டில் தேடி அடிப்பேன். திரையில் இடது கைப்பக்கம் இருக்கும் பட்டன் சரக்கு எடை, வலது கைப்பக்கம் இருப்பது காலி எடை. பத்தொன்பது வருஷம் ஒரு சீட்டு தப்பியதில்லை. லாரிக்காரர்கள் என்னை பிலோமாம்மா என்பார்கள். ஆயா என்று கூப்பிட்டவன் வெயிலில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டுத்தான் போவான்.

தொரை வந்தது ஒரு சின்ன ரிப்பேருக்கு. சீட்டில் லாரி நம்பரின் கடைசி எண் வெட்டுப்பட்டு வந்தது. அதைச் சரிசெய்யக் காலடிப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்தார். அரை மணி நேர வேலை. செய்து முடித்தார். போயிருக்கலாம். எழுந்தவர் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தார்.

"இன்னாமா இது, எழவு வூடு மாரி கீது. இத்த எப்டிமா நாள் பூரா பாக்குறே?"

எல்லாம் சாம்பல் நிறம், எல்லாம் சதுரம். நான் அதைப் பார்க்க வரவில்லை, அமுத்த வந்தேன் என்றேன். அவர் காதில் விழவில்லை. அன்றைக்கு உட்கார்ந்தவர் எட்டு மாதம் எழுந்திருக்கவில்லை.

முதலில் பட்டனின் மூலைகளை வளைத்தார். எவ்வளவு வளைப்பது என்று முடிவு செய்ய ஒரு வாரம். சோடா மூடியைத் திரையில் வைத்துப் பார்ப்பார், தூரப் போய் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். மேடைமேல் நிற்கும் லாரிக்காரரை இறங்கி வரச் சொல்லி அபிப்பிராயம் கேட்பார். வியாசர்பாடி எத்திராஜ் என்று ஒரு டிரைவர், பெரிய வாய்க்காரர். அவரிடமும் ஒருநாள் கேட்டார். மூலை இன்னும் கொஞ்சம் வளையலாமா என்று.

எத்திராஜ் திரையைப் பார்த்தார், பின்னால் ரோடு வரைக்கும் நிற்கும் வண்டிகளைப் பார்த்தார். "நைனா, நீ வளைக்கிறதுக்குள்ள என் முதுவு வளைஞ்சிடும் போலகீதே. எடைய போடச் சொல்லு நைனா."

பிறகு நிறம். மவுஸ் அம்பைப் பட்டன் பக்கத்தில் கொண்டுபோனால் அது சிவக்கும், எடுத்தால் பழைய நிறத்துக்குப் போகும். "வெக்கப்படுது பாருமா," என்று தொரையே வெட்கப்பட்டார். எனக்குப் பட்டன் வெட்கப்பட்டு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

ஜன்னலில் கை வைத்த கதைதான் பெரிய கதை. திரையில் வருகிற அந்தச் சதுரப் பெட்டியை ஜன்னல் என்பார்கள். ஜன்னல் ஏன் சதுரமாக இருக்க வேண்டும் என்று தொரைக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து அதை லாரி வடிவத்துக்கு வெட்டினார். முன்னால் கேபின், பின்னால் கன்டெய்னர், கீழே பத்து சக்கரம். உண்மையில் அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் வெட்டும்போது மேலே இருந்த பட்டையையும் வெட்டி எறிந்துவிட்டார். மூடுவதற்கு இருந்த பெருக்கல் குறி அதில்தான் இருந்தது. பிடித்து நகர்த்துவதற்கும் அதுதான் பிடி. ஆக, அந்த லாரி திரையின் நடுவில் வந்து நின்றது. நகரவில்லை, மூடவில்லை, பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டவும் இல்லை. சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கித்தான் அதை ஷெட்டுக்கு அனுப்பினோம்.

மேனேஜர் ஏன் இதையெல்லாம் விட்டுவைத்தார் என்று கேட்பீர்கள். எண்ணூர் பக்கம் இருந்து இரண்டு யார்டுக்காரர்கள் வந்து திரையைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்கள். எங்களுக்கும் இதே மாதிரி செய்து கொடு என்று தொரையிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதில் மேனேஜருக்கும் பெருமை. தொரைக்கோ, பிறந்ததிலிருந்து யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மாதிரி கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு செய்தார். இரண்டு பட்டன் இருப்பது கண்ணை உறுத்துகிறது என்று ஒன்றாக்கினார். முதல் தபா அமுத்தினால் சரக்கு எடை, இரண்டாவது தபா அமுத்தினால் காலி எடை. அதோடு, பட்டன் மேடாகத் தெரிவது பழைய பாணி என்று தேய்த்துத் தேய்த்துத் தட்டையாக்கினார். நிழல் இல்லை, கரை இல்லை. அமுத்தினால் உள்ளே போய் வருகிற மாதிரி முன்னே தெரியும், அதுவும் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவரில் விரலை வைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை நான் அமுத்தினேன். அமுங்கின அடையாளமே இல்லை. மேடை ஆடி அடங்கி எடை பதிய ஒரு நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் திரை ஊமையாக இருந்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தபா அமுத்தினேன். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் வந்தது நாலே வண்டி, நாலுக்கும் அப்படியே செய்தேன்.

மத்தியானம் எத்திராஜ் கேட்டிலிருந்து சீட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

"பிலோமாம்மா, எறக்குன சரக்கு சைபர்னு போட்டுகீது. எண்ணூர்லேந்து நான் இன்னாத்த ஏத்திகினு வந்தேன், காத்தா?"

சரக்கோடு நின்ற வண்டியை மிஷின் இரண்டு தபா எடை போட்டிருக்கிறது. சரக்கு எடையும் அதே, காலி எடையும் அதே. கழித்தால் சைபர். வண்டி காலியாகத் திரும்பி வந்தபோது நான் அமுத்தியது கணக்கில் ஏறவே இல்லை, சீட்டு அதற்கு முன்பே அடித்து முடிந்துவிட்டது. எத்திராஜுக்கு முன்னால் போன மூன்று வண்டிக்காரர்கள் சீட்டைப் பார்க்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். சரக்குக்குச் சொந்தக்காரர்கள் போனில் கத்தினார்கள்.

மேனேஜருக்கு ஒரு மச்சினி உண்டு. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தது. என் நாற்காலிமேல் மேனேஜருக்கு ஒரு வருஷமாகவே கண். அன்றைக்கு யார்டே பார்க்க என் அறை வாசலில் நின்று, எழுத்து தெரியாத ஆளை உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும் என்றார். பத்தொன்பது வருஷத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அந்த நாற்காலியை விட்டால் வேறு கதி கிடையாது. புருஷன் இல்லை, மகன் குடிக்கிறவன். தொரையே வந்து சொல்லட்டும், புரோகிராம் சரியாக இருந்தால் நாளையிலிருந்து ஆயா வரவேண்டாம் என்று முடித்தார் மேனேஜர்.

தொரை வந்தார். மேனேஜர் அவரை என் அறை மூலைக்குக் கூட்டிப் போய்ப் பேசினார். அறை சின்னது, எனக்கு எல்லாம் கேட்டது. புரோகிராமில் தப்பு என்று வெளியே தெரிந்தால் எண்ணூர்க்காரர்கள் இரண்டு பேரும் ஓடிப்போவார்கள், யோசித்துச் சொல் என்றார்.

தொரை யோசிக்கவில்லை. என் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, எப்போதும் செய்கிற மாதிரி செய்மா என்றார். ஒரு லாரி ஏறி நின்றது. நான் அமுத்தினேன். கொஞ்சம் பார்த்தேன். திரும்ப அமுத்தினேன். எட்டு மாதமாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், அன்றைக்குத்தான் என் விரலைப் பார்த்தார்.

"ரெண்டாவது தபா ஏன்மா அமுத்துனே?"

"மொத தபா அமுங்குன மாரியே தெர்ல நைனா."

அவர் முகத்தை நான் மறக்க மாட்டேன். பிள்ளைக்கு நோய் இருக்கிறது என்று டாக்டர் சொல்லக் கேட்ட மாதிரி இருந்தது. அப்படியே எழுந்துபோய் மேனேஜர் முன்னால் நின்றார்.

"அம்மா மேல தப்பு இல்ல சார். அமுத்துனது கைக்குத் தெரியணும். தெரியலன்னா அது பட்டன் இல்ல, வெறும் படம். நான் எட்டு மாசமா படம் போட்டுகினு இருந்துகீறேன் சார்."

அன்று சாயங்காலத்துக்குள் தொரை எனக்குப் புதிதாகச் செய்து கொடுத்தார். பழையபடி சதுர ஜன்னல், மேலே பட்டை, பெருக்கல் குறி. இரண்டு பெரிய பட்டன். ஒன்றில் சரக்கு ஏற்றிய லாரி, ஒன்றில் வெறும் லாரி. அமுத்தினால் தேங்காய்ச் சில்லு தண்ணீரில் மூழ்குகிற மாதிரி உள்ளே போய், எடை பதிந்த பிறகுதான் மேலே வரும். அதுவரைக்கும் எத்தனை தபா அமுத்தினாலும் அசையாது. அழகாகவே இல்லை. அவர் செய்ததிலேயே அதுதான் உருப்படியான வேலை, அதைச் செய்த கையோடு மேனேஜர் அவரை இனி வரவேண்டாம் என்றார்.

எண்ணூர்க்காரர்களும் போய்விட்டார்கள். சைபர் போடுகிற ஆள் என்று தண்டையார்பேட்டை வரைக்கும் பேச்சு பரவி, எந்த யார்டும் அவரை உள்ளே விடவில்லை. நான் மூன்று வருஷம் அந்த இரண்டு பட்டனில் ஓட்டினேன். பிறகு மேடைமேல் கேமரா வைத்தார்கள். லாரி ஏறினால் அதுவே நம்பரைப் படித்து எடை போட்டு எல்லார் போனுக்கும் அனுப்பிவிடுகிறது. அமுத்துவதற்கு ஒன்றும் இல்லை. எனக்கும் வேலை இல்லை, மேனேஜரின் மச்சினிக்கும் இல்லை.

காலடிப்பேட்டைக்குப் போய் விசாரித்தேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், அவருக்கு மனசு சரியில்லாமல் போய்விட்டது, யாரோடும் பேசுவதில்லை, அண்ணன் வந்து ஊத்துக்கோட்டைப் பக்கம் கூட்டிப் போய்விட்டார் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் மாதா கோயிலில், பூசையில் அவருக்காக வேண்டச் சொல்லிப் பூசைக் கருத்து கொடுக்கப் போனேன். எழுதிக்கொள்கிறவர் பெயர் கேட்டார். பட்டன் தொரை என்றேன். ஞானஸ்நானப் பெயர் கேட்டேன்மா என்றார். அந்தாளுக்கு ஞானஸ்நானமே கிடையாது, நீ எழுது என்றேன். சாமியார் அதை அப்படியே மைக்கில் படித்தார். "பிலோமினா அவர்களின் கருத்துக்காக. பட்டன் தொரை நல்ல சுகத்தோடு இருக்க." முன் பெஞ்சில் பிள்ளைகள் சிரித்தார்கள், பெரியவர்களும் சிரித்தார்கள்.

எனக்கு முட்டி மடங்காது, வருஷக்கணக்காக உட்கார்ந்துதான் பூசை பார்க்கிறேன். அன்றைக்கு மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பூசை முடிகிற வரைக்கும் முழங்காலிலேயே இருந்தேன்.