சாமித்தட்டில் ஒரு கொடி

இரண்டு மணிக்கு ஆட்டம். பன்னிரண்டேகாலுக்கு மகேந்திரராஜா காற்சட்டைப் பைகளை மூன்றாம் முறையாகத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு வெள்ளை வரிச்சட்டை இருந்தது, விசில் இருந்தது. பிழைக்கு எறியும் மஞ்சள் கொடியைத்தான் காணவில்லை.

ஜேர்மன் நகரமான வுப்பர்டாலில் அமெரிக்கன் புட்போல் நடுவராக அவருக்கு இது பதினெட்டாவது வருடம். இன்று கடைசி ஆட்டம். முதல் நாள் கொட்டும் மழையில், ஏழே ஏழு பார்வையாளர் முன் எறிந்த அதே மஞ்சள் துணியைக் கடைசியாக ஒருமுறை எறிந்துவிட வேண்டும். வேறு ஆசை இல்லை. தூரம் போய் விழுவதற்காக அதன் மூலையில் ஒரு பிடி சோளம் முடிந்திருக்கும்.

"தேவமலர், என்ர மஞ்சள் துணியைக் கண்டனீரோ?"

"நேர்த்திக்காசு முடிஞ்ச துணியோ? சாமித்தட்டில வைச்சிருக்கிறன்," என்றாள் மனைவி.

"ஐயோ, அது நேர்த்தி இல்லையப்பா. விளையாடுறவங்கள் பிழை விட்டா எறியிறது."

"சாமிக்கு முடிஞ்சதை எறியிறதோ? முழங்கால் நோவுக்கு நேர்ந்துபோட்டு வெக்கத்தில மறைக்கிறியள். கோயிலில சேர்க்காமல் எடுக்க ஏலாது."

வாதாட நேரமில்லை. "ஓம், நேர்த்திதான். இப்பவே கோயிலுக்குக் கொண்டுபோறன்."

"நில்லுங்கோ, நானும் வாறன்."

பட்டுச்சேலையும் அர்ச்சனைத் தட்டுமாகக் காரில் ஏறினாள். பாதிவழியில் அவர் உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று: கோயிலுக்கு முன்னம் மைதானத்தில் கொஞ்சம் அலுவல். கொஞ்சம் என்றால் மூன்று மணித்தியாலம்.

"அதுக்கென்ன, இருப்பன்," என்று முடிச்சைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள்.

மைதானத்தில் வேறு கொடி கேட்டதற்குத் தலைமை நடுவர் பீலிக்ஸ் கையை விரித்தார். "என்னட்ட ஒண்டுதான், ராஜா."

பொரித்த கிழங்கு விற்கும் பிறின்சி, மேசை துடைக்கும் மஞ்சள் துணியொன்றைக் கொடுத்து உதவினாள். முதல் பிழைக்கு அதை எறிந்தார். பாரமில்லாத துணி காற்றில் மிதந்து ஒரு பயிற்சியாளரின் மொட்டைத் தலையில் படிந்தது. அடுத்ததற்கு நனைத்து எறிந்தார். அது பீலிக்ஸின் கன்னத்தில் அறைந்தது.

"ராஜா! இன்னொருக்கா எறிஞ்சால் உனக்குத்தான் தண்டனை!"

கடைசி இரண்டு நிமிடம். பார்வையாளர் பக்கம் ஒருநாளும் திரும்பாத மகேந்திரராஜா திரும்பினார். முன்வரிசையிலிருந்து தேவமலர் வேலியோரம் வந்து கையை நீட்டினாள்.

"இந்தாங்கோ. முருகன் கோவிக்கமாட்டார். வடிவா எறியுங்கோ."

அடுத்த கணமே ஒருவன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். கொடி அழகாக வளைந்து போய் அவன் காலடியில் விழுந்தது. மகேந்திரராஜாவுக்கு அந்த முதல் நாள் மழை மணத்தது.

ஆட்டம் முடிந்து இருவரும் பிறின்சியின் கடையில் தேநீர் வாங்கினார்கள். ஆட்ட நாளான ஞாயிறென்றால் மாதர் சங்கத்துக்குப் போகிறவள் என்று தேவமலரை ஒருநாளும் அவர் ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டதில்லை.

"இது என்ன விளையாட்டெண்டுகூட உமக்கு நான் சொல்லித் தரேல்லை, என்ன?"

தேவமலர் தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள். பிறின்சிதான் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"அக்கா, பத்து வருசமாக் கடைசி வரிசையில இருந்து அண்ணை எறியிற ஒவ்வொரு கொடிக்கும் எனக்கு விளக்கம் சொல்லுவியள், இண்டைக்கு மட்டும் ஏன் முன்னுக்குப் போய் இருந்தனீங்கள்?"