பசை இருந்தது, படகு போனது

எதையும் அரைகுறையாகத் தெரிந்தவன் கொஞ்சம் பயந்து நடப்பான். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முழுதாகத் தெரிந்து வைத்திருப்பவன்தான் ஊருக்கு ஆபத்து. இருபத்தாறு வயதில் எனக்கு முழுதாகத் தெரிந்திருந்தது கோஸ்டிக் சோடா.

தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். இரும்புப் பாகங்களில் எவ்வளவு பழைய கிரீஸ் பிடித்திருந்தாலும், சுடுதண்ணீரில் கோஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றிவிட்டு ஒரு பிளேன்டீ குடித்து வந்தால் கழன்று கிடக்கும். இந்த வித்தைக்காக அங்கே எனக்குப் பெரிய மரியாதை இருந்தது. (மரியாதை கொடுத்தவன் பெரும்பாலும் நானேதான்.)

தொழிற்சாலைக்குப் பொறுப்பு டீமேக்கர் அந்தோணி ஐயா. கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். அதைவிட முக்கியம், அவர் ஜெசிந்தாவின் அப்பா. கல்யாணம் செய்துகொள்வதென்று நானும் ஜெசிந்தாவும் முடிவெடுத்து ஒரு வருடமாகியிருந்தது. அவரிடம் சொல்வதுதான் பாக்கி.

"மாதா திருவிழா முடியட்டும், அப்பா சந்தோஷமா இருப்பாரு. அப்ப வந்து கேளுங்க. அதுக்குள்ள அவருகிட்ட ஒரு நல்ல பேரு எடுங்க" என்றாள்.

திருவிழாவன்று மாதா சொரூபத்தைப் படகில் ஏற்றி, நீர்த்தேக்கத்தைக் கடந்து அக்கரையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். அந்த வருடம் பழைய மரப்படகு உளுத்துப்போனதால், தோட்டத்துத் துரை தன் அலுமினியப் படகைக் கொடுத்தார். அதன் தரை முழுக்கக் கார்பெட் ஒட்டியிருந்தது. அழுகி, மீன் நாற்றம் அடித்தது. கார்பெட்டை உரித்துவிட்டோம். அடியில் இருந்த பசைதான் மஞ்சளாக, கட்டி கட்டியாக, அசையாமல் கிடந்தது.

"இதுல எப்பிடிப்பா மாதாவ வைக்கிறது?" என்றார் ஐயா.

"என்கிட்ட விடுங்க ஐயா. ரெண்டே நாள்ல கண்ணாடி மாதிரி ஆக்கித் தர்றேன்."

துரையின் படகைப் பார்த்துக்கொள்ளும் பியதாச பக்கத்தில் நின்றார். "தம்பி, தின்னர் போட்டு மரக்கட்டையால ஹெமின் ஹெமின் சுரண்டணும். ஒரு கெழம போகும்" என்றார். ஹெமின் என்றால் சிங்களத்தில் மெதுவாக. எனக்கு மெதுவாக என்ற சொல்லே எந்த மொழியிலும் பிடிக்காது. அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இன்று யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் அறைந்துவிடுவேன்.)

மறுநாள் காலை கோஸ்டிக் கரைசலை வாளி வாளியாகப் படகுக்குள் ஊற்றினேன். உடனே புஸ்ஸென்று பொங்கியது. புகை வந்தது. தண்ணீர் கறுத்தது. பசை உயிரை விடுகிறது என்று நினைத்து, நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். மாலையில் வந்து கரைசலைக் குழியில் கொட்டிப் பார்த்தால், தகடு கறுத்திருந்தது. பசை பாதிக்குமேல் அப்படியே இருந்தது. மூளையுள்ளவன் இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். நான் போய் நீலப் பெயின்ட் வாங்கி வந்தேன். பசைமேலும் தகட்டின்மேலும் ரெண்டு கோட், தடிப்பாக.

திருவிழாவுக்கு முதல் நாள் ஒத்திகை. சொரூபத்துக்குப் பதிலாக, அதே பாரத்தில் ஒரு கோதுமை மா மூட்டை. மறுநாள் காலை ரொட்டிக்கு வாங்கியது. ஐயா வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, சப்பாத்து சகிதம் நடுவில் உட்கார்ந்து, மூட்டையை மாதாவாகவே பாவித்து அணைத்துக்கொண்டார். நான் துடுப்புப் போட்டேன். தோட்டமே கரையில் நின்றது. முன்வரிசையில் ஜெசிந்தா.

"நல்லா செஞ்சிருக்கப்பா" என்றார் ஐயா.

அதற்குமேல் திருவிழா வரை யார் பொறுப்பது? "ஐயா, ஒரு விஷயம் கேக்கணும். நம்ம ஜெசிந்தாவ..."

அவர் குனிந்து கீழே பார்த்தார். மகளைப் பற்றி யோசிக்கிறார் என்று நினைத்தேன். அவர் சப்பாத்துக்குள் போகும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கால்களையும் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டார். நீலப் பெயின்ட் பாளம் பாளமாக உரிய, இருபது ஓட்டைகளில் தண்ணீர் பீச்சியது.

"மொதல்ல கரைக்கு வுடுடா!"

விட்டேன். கை கழன்றுபோகும் அளவுக்குத் துடுப்புப் போட்டேன். கரைக்குப் பத்தடி இருக்கையில் படகு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டது. நெஞ்சளவு தண்ணீரில் ஐயா எழுந்து நின்றார், மூட்டையை விடாமல். அது ரொட்டிக்குப் பிசைந்த பதத்தில் இருந்தது.

பியதாச இறங்கி வந்து படகைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்தார். ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தார். "தம்பி, இரும்பு வேற, அலுமினியம் வேற. கோஸ்டிக் அலுமினியத்தத் தின்னுரும்" என்றார். பிறகு இன்னும் பசை ஒட்டியிருந்த இடங்களைத் தட்டிக் காட்டினார். "கம் இருக்கிற எடம் மட்டும் நல்லாயிருக்கு."

மறுநாள் மாதா தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில், ரோட்டு வழியாகச் சுற்றி அக்கரைக்குப் போனார். இன்றுவரை லொறியில்தான் போகிறார். நான் கூட்டத்தின் கடைசியில், யார் முதுகு அகலமோ அதன் பின்னால் நடந்தேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. ஜெசிந்தாவை இனி நினைக்கவே கூடாது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

அன்று மாலை ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நேத்து தண்ணியில என்னமோ கேட்டியே. மிச்சத்தக் கேளு."

"ஜெசிந்தாவ... எனக்குக் கட்டித் தருவீங்களா ஐயா?"

"நீ குதிச்சு நீந்தித் தப்பிச்சிருவேன்னு நெனச்சேன். கடைசி வரைக்கும் துடுப்ப வுடல. கட்டிக்க. ஆனா ஊட்டுல எதையும் கழுவாத."

அந்த நிபந்தனை கழுவுவதற்கு மட்டும்தான் என்று நான் வைத்துக்கொண்டேன். இன்றும் வீட்டில் குழாயோ மின்விசிறியோ கெட்டால், அஞ்சு நிமிஷ வேலை என்று ஸ்பேனரோடு எழும்புவேன். உடனே ஜெசிந்தாவும் பிள்ளைகளும் கால்களைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வார்கள். மாமனாருக்கு எண்பது தாண்டிவிட்டது, முழங்கால் மடங்காது.

"யாராச்சும் என் காலயும் தூக்கி வைங்கடா" என்பார்.