டீயா, பாஹ்-ஆ?

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றித்தான் மனிதன் நாள் முழுக்கப் பேசுவான். தொண்ணூறுகளில், கோயமுத்தூரில் வரலாறு எம்.ஏ. முடித்திருந்த நான், பழங்கால ஐரோப்பாவின் செல்டிக் மக்களைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் படித்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் உடுமலைப்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா தென்னை நார் மில் வைத்திருந்தார். மில்லுக்கு மெஷின் பொருத்த வந்த வேல்ஸ் நாட்டு இன்ஜினியரும் அவர் மனைவியும் அன்று அங்கே விருந்தாளிகள்.

எனக்கு அது போதாதா? செல்டிக் கூட்டங்கள் ஒரு காலத்தில் துருக்கி வரை பரவியிருந்ததையும், வேல்ஸ் மொழி அந்த வம்சத்தின் வாரிசு என்பதையும் மூச்சுவிடாமல் விளக்கினேன். (பெண் வந்து நின்றதையே கவனிக்கவில்லை. அம்மா தொடையைக் கிள்ளியும் வாய் நிற்கவில்லை.)

இன்ஜினியர் நாற்காலியில் நெளிந்தார். கால்மேல் கால் போட்டார், எடுத்தார். மனைவியிடம் ஏதோ கிசுகிசுத்தார்.

"அவரு என்னங்க தம்பி சொல்றாரு?" என்றார் பெண்ணின் அப்பா.

என் காதில் விழுந்தது 'டீ' மட்டும்தான்.

"டீ கேக்கறாருங்க."

டீ வந்தது. மரியாதைக்குக் குடித்தார். நெளிவு கூடியது. மறுபடியும் மனைவியிடம் "டீ பாஹ்" என்றார்.

"இன்னொண்ணு கேக்கறாருங்க."

"குடுங்க, குடுங்க! எத்தன தூரத்துல இருந்து வந்திருக்காரு!"

இரண்டாவது டம்ளரைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. பொறுக்க முடியாத மனைவி, நேராகச் சொல்லக் கூசி, என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: எங்கள் மொழியில் 'டீ' என்றால் வீடு, 'பாஹ்' என்றால் சின்ன.

கண்டுபிடித்த மகிழ்ச்சியில் துள்ளி எழுந்து கத்தினேன்: "டீ இல்லீங்க! சின்ன வீடு கேக்கறாருங்க!"

"சம்சாரத்தக் கூட்டிட்டு வந்துபோட்டு இதென்னங்க பேச்சு!" என்று பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பெண் மட்டும் சிரித்தாள். "அப்பா, அவரு பாத்ரூம் கேக்கறாருங்க. காலைப் பாருங்க!"

அவள் கைகாட்டிய திசையில் இன்ஜினியர் ஓடினார்.

சம்பந்தம் போச்சு என்ற தவிப்பில் பஸ்ஸில் உட்கார முடியாமல் கோயமுத்தூர் வரை நின்றே வந்தேன். மறுநாள் சம்மதம் வந்தது. "இந்தாள ஒத்தையில உட்டா ஆபத்துங்கப்பா" என்றாளாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாத்ரூமுக்குப் பெயர் சின்ன வீடுதான். போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் பாத்ரூமுக்குள் இருந்தேன். என்னைக் கேட்டவர்களிடம் மனைவி பழக்க தோஷத்தில், "அவரு சின்ன ஊட்டுக்குப் போயிருக்காருங்க, இப்ப வந்துருவாரு" என்றாள்.

நான் கை துடைத்துக்கொண்டு வந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.