இடுப்பெலும்பு வழக்கை வாபஸ் வாங்கக் கோரி

சேசு மரி சூசை துணை
உடும்பஞ்சோலை

அன்பு மகன் ஷைஜுவுக்கு அப்பா சூசையப்பன் எழுதுவது. இங்கே என் இடுப்பெலும்பைத் தவிர எல்லாரும் நலம். அங்கே உன் வக்கீலைத் தவிர எல்லாரும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

இந்த முதியோர் இல்லத்தின் மேல் நீ போட்ட நஷ்டஈட்டு வழக்கின் நோட்டீஸை மேட்ரன் பிள்ளை சோனா அழுதுகொண்டே வாசித்துக் காட்டியது. ஈரத்தரையில் வழுக்கி விழுந்தேனாம். உன் வக்கீல் எந்தத் தரையைப் பார்த்தாரோ. தீப்பிடித்தால் ஒழுங்காக வெளியேற ஒத்திகை என்று, எஸ்டேட்டில் ஊதுவது போல ஒரு கரண்ட் சங்கை மாட்டிக் காலையில் ஊதினார்கள். இங்கே இருப்பவர்கள் அத்தனை பேரும் மாட்டுப்பட்டி எஸ்டேட் பக்கம் தேயிலை கிள்ளியவர்கள் அல்லவா, சங்கு ஊதினால் கால் எங்கே போகும்? வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குத்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். கம்பளியைத் தலையில் போட்டு, அழுக்குத்துணிக் கூடையை முதுகில் மாட்டி, முற்றத்தில் வரிசையாக நின்றுவிட்டார்கள். சோனா தீ, தீ என்று கத்துகிறது, ஒருத்தரும் அசையவில்லை. சூப்பர்வைசர் பேர் கூப்பிடாமல் எப்படி அசைவார்கள்? சூப்பர்வைசர் யார்? உன் அப்பன். பெஞ்சு மேல் ஏறினேன்.

பெற்ற பிள்ளைகளின் பேரையே மறந்துபோன சின்னத்தாயி, "இருக்கேன்யா, நேத்தும் இருந்தேன், சேத்து எழுதிக்கிடுங்க" என்றாள். ராக்கப்பன் பழையபடி பிந்தி வந்தான், நானும் பழையபடி ஏசினேன். அந்தக் குளிரும் வரிசையும் சேர்ந்து எனக்கு நாப்பது வயசு குறைஞ்சுபோச்சுடா. அந்த ருசியிலே அடுத்த பேரையும் கூப்பிட்டுட்டேன். கத்தரீனாள். பதில் இல்லை. உங்கம்மா போய்ச் சேர்ந்தது எனக்கு ஞாபகமே இல்லை. பிந்தி வர்றவ இல்லியே அவ, கடைசியிலே நிக்காளோன்னு பார்க்க ஒரு எட்டு முன்னால வச்சேன். பெஞ்சு முடிஞ்சிருந்தது. இதுக்கு யார் மேலடா கேஸ் போடுவே?

ஆகவே வழக்கை வாபஸ் வாங்கு. இல்லத்தை மூடிவிட்டால் என்னை உன் எர்ணாகுளம் பிளாட்டுக்குக் கொண்டுபோவாய். அங்கே லிப்ட் மணிதான் அடிக்கும். நான் யாரைப் பேர் கூப்பிடுவது?

மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் நெற்றியில் சிலுவை போட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
விழுந்தவன்,
சூசையப்பன்

பி.கு.: இப்போதுதான் சோனா வந்து சொன்னது. உன் கேஸுக்குப் பயந்து சங்கைக் கழற்றிவிட்டார்களாம். ஆகவே வாபஸ் வாங்காதே, விடாமல் நடத்து. நஷ்டஈடு வேண்டாம். தினமும் காலையில் சங்கு ஊத வேண்டும் என்று கோர்ட்டில் ஓர் உத்தரவு வாங்கிக் கொடு, போதும். தரையில் நின்றே கூப்பிடுகிறேன். உங்கம்மா பேரைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.