இங்கிலீஷ் காய் இல்லாத தோட்டம்

அப்பா திவசத்தன்று காலை எங்கள் வீட்டில் ஒரு மூட்டை முள்ளங்கி வந்து இறங்கியது. வேறு ஒரு காயும் இல்லை.

திவசத்துக்கு முள்ளங்கி ஆகாது. வரவழைத்தது நான்.

எண்பதுகளின் ஆரம்பம். தில்லியில் மோதி பாக் குவார்ட்டர்ஸ். ஆபீஸில் பக்கத்து நாற்காலி சர்மா காதில் ஓதினான்.

"ஐயர் சாப், மண்டிக் காயெல்லாம் சாக்கடைத் தண்ணியில விளைஞ்சது. நஜஃப்கட் பக்கம் போய் ஒரு விவசாயிகிட்ட பங்கு எடுங்க. சீசனுக்கு முன்னாடியே பணம். விளையறதுல உங்க பங்கு வாராவாரம் வீட்டுக்கே வரும்."

நல்ல யோசனை. மார்கழியில் திவசம். தில்லிக் குளிரில் எந்தக் கடையிலும் இங்கிலீஷ் காய்தான். கோஸ், காலிஃபிளவர், காரட். வெள்ளைக்காரன் கொண்டுவந்த எதுவும் திவச இலையில் விழக்கூடாது. அவரை, சேப்பங்கிழங்கு என்று நாட்டுக் காயாக வேண்டும்.

"நிதானமாப் பார்த்து எடுங்கோ," என்றாள் கமலா, என் மனைவி. "அவசரத்துல எதையாவது தலையில கட்டிண்டு வராதீங்கோ."

எனக்கா சொல்ல வேண்டும்?

முதல் தோட்டம். கண்ணுக்கெட்டிய வரை காலிஃபிளவர். வாயைத் திறக்காமல் திரும்பினேன்.

இரண்டாவது. பட்டாணி, காரட், தக்காளி. "சாய் குடிச்சுட்டுப் போங்க சாப்!" குடித்தேன். பங்கு எடுக்கவில்லை.

மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. உழுது போட்ட வெறும் மண். ஓர் இங்கிலீஷ் காய்கூடக் கண்ணில் படவில்லை. மனசு குளிர்ந்தது!

கயிற்றுக் கட்டிலில் ஹுக்காவோடு ஒரு சௌத்ரி. இங்கிலீஷ் காய்களை ஒவ்வொன்றாக ஹிந்தியில் சொல்லி விசாரணையை ஆரம்பித்தேன்.

"கோபி போடுவியா?"

"நஹி ஜி."

"ஆலு?"

"நஹி."

"டமாட்டர்? காஜர்?"

"அந்த வம்பே கிடையாது சாப்."

மனுஷனா, வைதீகனா! பணத்தைக் கையில் திணித்தேன்.

"சாப், நான் என்ன போடப்போறேன்னு கேக்கலியே..."

"அச்சா, அச்சா! என் பஸ் போயிடும்!"

முதல் அறுவடை சரியாகத் திவசத்தன்று காலை வரும் என்று ஏற்பாடு. என்ன பொருத்தம்!

"எதுக்கும் கொஞ்சம் காய் வாங்கி வெச்சுக்கலாமே," என்றாள் கமலா.

"பங்கு இருக்கும்போது கடையா?"

அதற்கப்புறம்தான் அந்த மூட்டை. சௌத்ரியே சுமந்து வந்தான்.

"மத்த காய் எங்கே?" என்றேன். குளித்துவிட்டு ஈர வேஷ்டியில் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

"மத்த காயா? நம்ம வயல்ல குளிர்காலம் பூரா மூலிதான் ஜி. ஒண்ணாம் நம்பர் மூலி!"

"சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொல்ல விட்டீங்களா?"

கமலா மூட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது வெள்ளைக்காரன் கொண்டுவரலை. நீங்க கொண்டுவந்தேள்."

சாஸ்திரிகள் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே மூட்டை கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன ஓய், தர்ப்பையைவிட முள்ளங்கி ஜாஸ்தியா இருக்கே! சமையல் ஆரம்பிச்சாச்சோ?"

அடுப்பில் சாதம் மட்டும். இந்த வேஷத்தில் நான் மார்க்கெட்டுக்கு ஓட முடியாது. மடியாக இருந்த கமலாவும் போக முடியாது. வருஷத்துக்கு ஒரு நாள் அப்பாவுக்குப் போடும் சாப்பாடு. வெறும் சாதமும் பருப்புமா?

பின்பக்கத்து வேலிக்கு அந்தப் புறமிருந்து பக்கத்து வீட்டு சர்தார்ணி ஹர்பஜன் கௌர் எட்டிப் பார்த்தாள்.

"அரே பெஹன்ஜி, இவ்வளவு மூலி! கடை போடப் போறீங்களா?"

கமலா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என் பஸ் அவசரம் உட்பட.

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் சாஸ்திரிகளே வெளியே வந்து பார்த்தார். பிறகு அவள் தன் வேலியில் படர்ந்திருந்த கொடியைப் பிடித்து இழுத்தாள். சடசடவென்று அவரைக்காய்! கூடை நிறைந்தது. உள்ளே போய் அர்பி கொண்டுவந்தாள். நம்ம சேப்பங்கிழங்குதான். இரண்டு சர்க்கரைவள்ளியும் வந்தது.

"மேலே இருக்கிற பாபுஜிக்கு வயிறு நிறையட்டும். அந்த மூட்டையை இங்கே தள்ளுங்க. இன்னிக்கு நம்ம லைன் வீடு பூரா மூலி பராட்டா!"

தள்ளினேன். ஜல்தியாக.

சாஸ்திரிகள் அவரைக்காய்க் கறியை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"தில்லியில இப்படி ஒரு பிஞ்சா! எந்தத் தோட்டம் ஓய்?"

நஜஃப்கட் என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன். கமலா முந்திக்கொண்டாள்.

"தோட்டமெல்லாம் இல்லை மாமா. ஹர்பஜன் கௌர் வேலி."